மீன் ஜாடி பிரான்சிலிருந்து வந்ததா?

உப்பளத்தில் எங்களுடையது சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அலமாரியில் இருக்கும் மீன் வடிவப் பூஜாடியை அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்தார் என்பது ஆயா சொல்லும் கதை.

ஜாடியின் பக்கவாட்டில் மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடுகிறது. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. ஆக, அழுத்தி வார்த்த கண்ணாடி. தண்ணீரில் எண்ணெய் படிந்த மாதிரி மினுமினுப்பு, சூட்டோடு உலோக உப்பைத் தெளிப்பதால் வருவது. கார்னிவல் கண்ணாடி என்பார்கள்.

பிரான்சின் வலெரிஸ்தால், போர்த்தியே ஆலைகள் அச்சிலேயே பெயர் பதித்ததுண்டு. இதன் அடியில் ஒன்றுமில்லை. ஆனா இதே மினுமினுப்புள்ள டம்ளர்கள் சிலவற்றின் அடியில் 'ஜெயின்' என்று ஆங்கிலத்தில் இருக்கும்: உத்தரப் பிரதேசம், ஃபிரோசாபாத், ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். சேகரிப்பவர்கள் மீன் ஜாடியையும் அந்த ஆலைக் கணக்கில்தான் வைக்கிறார்கள்.

தயங்கித் தயங்கித்தான் ஆயாகிட்ட சொன்னேன். "கப்பல் பம்பாய்லதானே நின்னுச்சு, அங்க வாங்கியிருப்பாரு"ன்னாங்க.