இரை வந்தால் விரியும் குடல்

பெஸ்தாரி ஜெயா என்று ஊரின் பெயர் மாறினாலும், நம்மவர்கள் வாயில் அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அதன் அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே. செம்பனையின் உதிரிப் பழத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடி மலைப்பாம்பு வந்தது. வரிசைகளுக்கு நடுவே அடுக்கிய காய்ந்த மட்டைக்கு அடியில் வயிறு புடைத்துக் கிடக்கும் பாம்பைப் பழம் வெட்டுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதைக் குச்சியால் சீண்டினால் விழுங்கியதைக் கக்கிவிட்டு நகரும். வீட்டில் பாம்பு வளர்க்கிறவர்களும் இதைப் பார்க்கிறார்கள். தீனி கொடுத்த மறுநாள் ஆசையாகக் கையில் எடுத்தால், எலி முழுசாக வெளியே வந்து விழுகிறது.

விழுங்கியது உடனே செரித்துவிடாததன் காரணம் உணவுப்பாதையின் சுவரில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, நுண்ணோக்கி வேண்டும்.

ஊர்வனவற்றின் உணவுப்பாதைச் சுவரும் நம்முடையதைப் போல நான்கு அடுக்குதான்: உள்ளே சளிப்படலம், அதன் கீழ் இணைப்புத் திசு, பிறகு தசை, வெளியே மெல்லிய உறை. உணவுக்குழல் நீளவாக்கில் மடிந்து கிடக்கும். இரை இறங்கும்போது அந்த மடிப்புகள் விரிந்துகொடுக்கின்றன. கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரந்து வழுக்கவிடுகின்றன. வயிற்றில்தான் முதல் வேறுபாடு. மனித வயிற்றில் அமிலம் சுரக்க ஒரு வகைச் செல், புரதத்தை உடைக்கும் பெப்சினுக்கு வேறொரு வகைச் செல். பாம்பு, பல்லி, ஆமை இவற்றிலோ ஒரே செல் இரண்டையும் சுரக்கிறது. பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் வயிற்றில் அமிலம் ஏறக்குறைய இல்லை. இரை இறங்கிய பிறகுதான் சுரப்பு தொடங்கி, ஒரு நாளைக்குள் எலும்பையே கரைக்கும் அளவுக்குக் கடுமையாகிறது.

சிறுகுடலில் நடப்பதுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஸ்டீபன் சிகோர், ஜாரெட் டயமண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் பர்மிய மலைப்பாம்பை வைத்து இதை அளந்து காட்டினார்கள். பட்டினிப் பாம்பின் குடலை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றிப் பார்த்தால், உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் குட்டையாக இருக்கும். அவற்றைப் போர்த்திய செல்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு செல்லின் தலையிலும் உள்ள நுண்ணுறிஞ்சிகள் கட்டையாக இருக்கும். சாப்பிட்ட ஓரிரு நாளில் அந்த நுண்ணுறிஞ்சிகள் ஏறத்தாழ 5 மடங்கு நீள்கின்றன. குடலின் எடையே இரட்டிப்பாகிறது. இவ்வளவு சீக்கிரம் எப்படி? ஜெர்மானிய ஆய்வாளர் மத்தியாஸ் ஷ்டார்க் நுண்ணோக்கி வழியே கண்ட விடை எளிமையானது. இரத்தமும் நிணநீரும் உறிஞ்சிகளுக்குள் பாய்ந்து அவற்றை நிமிர்த்துகின்றன; நெருங்கி நின்ற செல்கள் கொழுப்புத்துளிகளை வாங்கிப் பருத்து, ஒற்றை வரிசையாக விரிகின்றன. சுருட்டி வைத்த பாயை விரிப்பது போலத்தான். இரை கரைந்து முடிந்ததும் குடல் மறுபடியும் சுருட்டிக்கொள்கிறது.

2025இல் இன்னொன்று தெரியவந்தது. பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மலைப்பாம்பின் குடலில் ஒரு புதுவகைச் செல்லைக் கண்டார்கள். எலும்பு கரைந்து மிஞ்சும் கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு ஆகியவற்றை அது துகளாக்கிக் கழிவோடு வெளியேற்ற உதவுகிறது. உடம்பில் வலை பின்னியது போன்ற கோடுகளைக் கொண்ட நம் தோட்டத்து மலைப்பாம்பிலும் அந்தச் செல் இருக்கிறது.

இத்தனை வேலையும் சூட்டை நம்பித்தான் நடக்கிறது. பாம்பின் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்சாதன அறையில் வைத்தால் சுரப்பு மந்தமாகி, எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும், பாம்பு கக்கும். எனவே தீனி போட்டபின் 30 டிகிரி அளவில் ஒரு சூடான மூலை வேண்டும். சில நாள் கையில் எடுக்கக் கூடாது. கக்கிய பாம்புக்கு மறுநாளே இன்னொரு எலி போடுவது தவறு. ஓரிரு வாரமாவது அதன் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். எல்லா ஊர்வனவும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி தின்னும் பாம்புகளில் இந்த விரிதலும் சுருங்குதலும் மிகக் குறைவு. இலை தின்னும் இகுவானாவின் பெருங்குடலில் தடுப்பு மடிப்புகள் உண்டு; அங்கே நார்ச்சத்தை நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கின்றன. அதைப் பட்டினி போட்டால் கேடுதான்.

யாரும் சீண்டாமலே, சூடு சரியாக இருந்தும் பாம்பு திரும்பத் திரும்பக் கக்கினால், தீனி போடாத நாளிலும் உடம்பின் நடுவே கட்டி போலத் தெரிந்தால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அது வயிற்றின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அமிலம் சுரக்கும் செல்கள் குறைந்து, சளி சுரக்கும் செல்கள் பெருகி, சுவரே தடித்துப்போகிறது. தொட்டுப் பார்க்கும்போது கட்டியாகப் படுவது அந்தத் தடித்த சுவர்தான். கக்கியதையும் கழிவையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு விலங்கு மருத்துவரிடம் போங்கள். அந்தக் கூண்டைத் தொட்ட கையால் மற்றப் பாம்பைத் தொடாதீர்கள்.