லீவருக்குச் சளி பிடிச்சிருக்கு!

எந்த அபார்ட்மென்ட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கீழே, தண்ணீர் மோட்டார் ரூம் பக்கத்துத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த ஒரு கியர் சைக்கிள் கண்டிப்பாக நிற்கும். ஸீட் முழுக்கத் தூசி. அந்தத் தூசியில் ஏதோ ஒரு வாண்டு விரலால் வரைந்த பிள்ளையார். 2020-ல் ஊரடங்கு தளர்ந்த கையோடு, 'இனிமே தினமும் பத்து கிலோமீட்டர்!' என்று சபதம் போட்டு வாங்கிய வண்டியாக இருக்கும்.

சொந்தக்காரரைக் கேட்டால், "கியர் விழ மாட்டேங்குது ஸார். லீவரை அமுக்கினா காத்தை அமுக்கற மாதிரி இருக்கு" என்பார். கடைக்கும் கொண்டுபோயிருப்பார். கடைக்காரர் லீவரை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ளே போயிடுச்சு ஸார். செட்டா மாத்திடலாம்" என்று டெத் சர்டிபிகேட் கொடுத்திருப்பார். செட் என்றால் லீவர், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் வரும். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று திரும்பி வந்தவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார். பழைய இரும்புக்காரர் குரல் கேட்கும்போதெல்லாம் வீட்டம்மா பால்கனிக்கு ஓடி வருகிறார்.

யோசிக்கும் நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் லீவர் பெரும்பாலும் சாகவில்லை. அதற்குச் சளி பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்!

அந்தக் காலத்து லீவர்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1903-ல் ஆரம்பித்த ஹென்ரி டெக்ரான்ஷ், கியருக்குப் பரம விரோதி. அதெல்லாம் நாற்பத்தைந்து வயசு தாண்டினவர்கள் சமாசாரம் என்பது அவர் கட்சி. மலையடிவாரம் வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் உள்ள வேறு பல்சக்கரம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். செயினைத் தள்ளி விட்டுப் பல்லு மாற்றும் டீரெய்லருக்கு அந்தப் பந்தயத்தில் அனுமதி கிடைத்தது 1937-ல்தான்!

அப்புறம் வந்த லீவர்கள் பரம சாது. ஒரு கைப்பிடி, ஒரு ஸ்க்ரூ, ரெண்டு வாஷர். உரசல்தான் கேபிளை இழுத்த இடத்தில் பிடித்து வைத்தது. எவ்வளவு தள்ளினால் எந்தப் பல்லு என்பதை ஓட்டுபவர் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜப்பானில் ஸகாய் என்று ஒரு ஊர். கத்தி செய்வதில் பேர் போனது. 1921-ல் அங்கே தொடங்கிய ஷிமானோ கம்பெனி, 1984-ல் ஒரு காரியம் செய்தது. லீவரைத் தள்ளினால் 'டிக்'. ஒரு டிக்குக்கு ஒரு பல்லு. யோசிக்கவே வேண்டாம். இன்று நம் ஊர் கியர் சைக்கிள்களில் கட்டைவிரலால் அமுக்குகிற லீவரெல்லாம் இந்த 'டிக்' வம்சம்தான்.

சுகம் வந்தால் கூடவே சளியும் வருமே!

உள்ளே என்ன இருக்கு?

லீவருக்குள் பல்லு வைத்த ஒரு சின்னத் தட்டு. அதில் கேபிள் சுற்றிக்கொள்கிறது. பல்லில் மாட்டுவதற்கு நகத்தளவு கொக்கிகள். கொக்கியைப் பல்லோடு அழுத்தி வைக்கத் தலைமுடி மாதிரி மெல்லிய ஸ்ப்ரிங். நீங்கள் அமுக்கும்போது ஒரு கொக்கி தட்டைத் தள்ளுகிறது, இன்னொரு கொக்கி தட்டு திரும்பி ஓடாமல் பிடிக்கிறது. அதுதான் 'டிக்'.

ஃபாக்டரியில் இதற்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்து அனுப்புகிறார்கள். வண்டி ஓடாமல் வருஷக்கணக்கில் நின்றால், நம் ஊர் வெயிலில் கிரீஸில் இருக்கிற எண்ணெய்ப் பசை மெல்ல வற்றிப்போய், மிச்சம் மெழுகு மாதிரி இறுகுகிறது. தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கொக்கி அதில் ஒட்டிக்கொண்டு விடுகிறது. பாவம், அந்த மெல்லிய ஸ்ப்ரிங்குக்கு அதை இழுத்து விடத் தெம்பு இல்லை. கொக்கி பல்லில் மாட்டாததால்தான் லீவர் காற்றை அமுக்குகிறது. எதுவும் உடையவில்லை!

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இது 'ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்' கணக்கில் போக வேண்டிய செலவு. கடைக்காரர் அதைப் புது சொத்து வாங்கும் கணக்கில் எழுதப் பார்க்கிறார்.

குற்றவாளி யார்?

முதலில் தப்பு லீவர் பேரிலா, கேபிள் பேரிலா என்று பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே, செயினைப் பின்னால் உள்ள ஆகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது கேபிள் தளர்ந்திருக்கும். ஃப்ரேமில் கேபிள் உறை செருகியிருக்கிற இடத்தில், கீறல் விட்ட மாடலாக இருந்தால், உறையைக் கழற்றி விடுங்கள். இனி லீவரை அமுக்குங்கள். 'டிக் டிக்' என்று ஒழுங்காக விழுந்தால் லீவர் நிரபராதி. உறைக்குள் துருப்பிடித்த கேபிளை மாற்றினால் போதும். இப்போதும் காற்றுதான் என்றால், வைத்தியம் லீவருக்கு.

வைத்தியம்

முதல் வேலை, முன்சக்கர டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம்மையும் கட்டையையும் துணியால் மூடுங்கள். அதில் எண்ணெய் பட்டால் கியர் விழும், பிரேக் விழாது! கீழே பழைய நியூஸ்பேப்பர் விரியுங்கள். (வாரப் பத்திரிகை வேண்டாம்.) இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். சிகரெட், பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது.

ஹார்டுவேர் கடையில் டபிள்யூ.டி-40 டப்பா கிடைக்கும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் வெற்றி பெற்ற கலவை. அதனால்தான் பேரில் 40. அதன் சின்னக் குழாயை லீவர் அசைகிற இடுக்கில் வைத்து நன்றாகப் பீய்ச்சுங்கள். கேபிள் நுழைக்கிற இடத்தில் மூடி இருந்தால் அதைத் திறந்து அங்கேயும் ஒரு தரம். பத்து நிமிஷம் ஊறட்டும்.

பிறகு ரெண்டு லீவரையும் மாற்றி மாற்றி அமுக்குங்கள். ஐம்பது தரம், நூறு தரம். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஒரு 'டிக்'. மறுபடி மௌனம். அப்புறம் ரெண்டு 'டிக்'. கீழே டிகாக்ஷன் மாதிரி ஒன்று சொட்டும். அதுதான் சளி! சொட்டுவது தெளிகிற வரை மறுபடி பீய்ச்சி, மறுபடி அமுக்குங்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டு ரவுண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்த ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கும், ஆனால் உள்ளே ரொம்ப நாள் தங்காது. ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் தையல் மிஷின் ஆயில் மூணு சொட்டு உள்ளே விடுங்கள். விலை ரெண்டு டீ, ரெண்டு வடை. வழிந்ததைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இத்தனைக்கும் பிறகு 'டிக்' வரவில்லையென்றால் உள்ளே நிஜமாகவே ஏதோ உடைந்திருக்கிறது. அப்போது கடைக்காரரிடம் போகலாம். புது லீவர் வாங்கும்போது பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு. கம்பெனியும் பொருந்த வேண்டும்.

இது பணச் சமாசாரம் மட்டுமல்ல. மேம்பாலம் ஏறும்போது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, கியர் பாதியில் நழுவி செயின் குதித்தால் கால் பெடலிலிருந்து விடுபடும். வண்டி ஆடும். பஸ் டிரைவருக்கு நம் லீவருக்குச் சளி பிடித்த விஷயம் தெரியாது!

வாசலில் ஒட்டி வைக்க...

* லீவரைக் கழற்றிப் பிரிக்காதீர்கள். ஸ்ப்ரிங் ஒன்று பறந்து பீரோவுக்கு அடியில் போகும். அப்புறம் கடைக்காரர் சொன்னதுதான் உண்மையாகும்.

* தேங்காய் எண்ணெய் தலைக்கு. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது லீவருக்குள்ளும் உறையும்.

* கெட்டி கிரீஸை உள்ளே திணிக்காதீர்கள். போன சளிக்குப் பதில் புதுச் சளி.

* கைப்பிடியைத் திருகி கியர் மாற்றும் மாடலா? உள்ளே பிளாஸ்டிக். அதற்குச் சிலிக்கான் கிரீஸ்தான்.

* 'டிக்' இல்லாத பழைய உரசல் லீவரா? எண்ணெயே விடாதீர்கள். அங்கே உரசல்தான் உத்தியோகம். வழுக்கினால் கியர் தானாக இறங்கும்.

* வாட்டர் சர்வீஸில் கொடுத்து லீவர் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

* வாரம் ஒருமுறை எல்லா கியரையும் ஒரு சுற்று மாற்றிப் பாருங்கள். கொக்கியும் கிளார்க்கும் ஒன்று. ரொம்ப நாள் சும்மா உட்கார வைத்தால், எழுந்திருக்க மனசு வராது!