மணிக்கூடும் மனிதரும்

நாழி என்பது அளக்கும் கலம். நாழிகை என்பது அளக்கப்படும் காலம். இரு சொல்லும் ஒரு குடும்பத்தன. நெல்லை அளப்பது போலவே நேரத்தையும் ஒரு கலத்தினாலே அளந்தனர் பண்டையோர். சிறு துளை வழியே நீர் ஊறும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து, பாசறையிலிருந்த அரசனுக்கு நாழிகைக் கணக்கர் அறிவித்த செய்தி முல்லைப்பாட்டிலே வருகின்றது. நாளொன்றுக்கு நாழிகை 60; இன்றைய கணக்கிலே நாழிகை ஒன்று 24 நிமிடம்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தக் கணக்கு அரசனுக்கு வேண்டியிருந்தது; உழவனுக்கு வேண்டியிருக்கவில்லை. உழவன் பொழுதைத் தன் தொழிலாலேயே அளந்தான். விளக்கு வைக்கும் நேரம், மாடு அவிழ்க்கும் நேரம், ஒரு வாய் வெற்றிலை போடும் நேரம் என்பன நம் ஊர்களில் வழங்கிய அளவைகள். மடகஸ்கார்த் தீவினர் அரை மணி நேர அளவை ‘ஒரு சோறு சமைக்கும் நேரம்’ என்று வழங்கினராம். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றிலே இதனை எடுத்துக் காட்டுகின்றார். வேலை நேரத்தை அளந்த காலம் அது. நேரம் வேலையை அளக்கும் காலம் பின்னர் வந்தது. இன்றைய மனிதரின் அவசரத்தையும் அலுப்பையும் பற்றிப் பேசுவோர், இந்த மாற்றத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசுதல் நலம்.

புகைவண்டி வருமுன் ஊருக்கு ஊர் சூரியன் வேறு. ஆதலின் நேரமும் வேறு. பிறிஸ்ரல் நகரின் நேரம் இலண்டன் நேரத்துக்கு ஏறக்குறையப் பத்து நிமிடம் பிந்தியது. 1840ஆம் ஆண்டு பெருமேற்குப் புகைவண்டிக் கம்பெனி இலண்டன் நேரத்தையே தன் பாதை முழுவதற்கும் விதித்தபோது, பிறிஸ்ரல் நகரத்தார் தம் மணிக்கூட்டிலே இரண்டு நிமிட முட்களைப் பூட்டினர். ஒன்று ஊர் நேரம் காட்டும். மற்றது வண்டி நேரம் காட்டும். 1880ஆம் ஆண்டிலே கிறீனிச் நேரம் பிரித்தானியா முழுவதற்கும் சட்டமாயிற்று. நேரம் வானத்திலிருந்து இறங்கிச் சட்டப் புத்தகத்துக்குள்ளே புகுந்தது.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று கருத வேண்டா. இலங்கையிலே 1996ஆம் ஆண்டு மே மாதம் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. மீதி அரை மணி 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலே திரும்பி வந்தது. இவ்விடைக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலே பழைய நேரமே வழங்கியது. ஓமந்தையைக் கடந்தவர் எல்லையை மாத்திரமன்றி அரை மணி நேரத்தையும் கடந்தார். ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேளாமல் ஒரு கலியாணத்துக்கும் போகமுடியாதிருந்ததை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பொதுநேரம் ஊர்களை ஒன்றாக்கியது. தொழிற்சாலை நேரமோ மனிதரை ஒவ்வொருவராகப் பிரித்து எண்ணியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லார்ட் பண்டி என்னும் நகை வணிகர், வேலையாள் வாயிலுக்குள் நுழையும் நேரத்தைத் தானே பதிந்துகொள்ளும் மணிக்கூடொன்றை ஆக்கினார். அவரும் அவர் சகோதரரும் அமைத்த கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, ஈற்றில் ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனமாயிற்று. வருகை பதிந்த பெட்டியும் இன்றைய கணினியும் உறவினர் என்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

வாயிலிலே நின்ற மணிக்கூட்டை வேலைத்தலத்துக்குள்ளே கொண்டு சென்றவர் பிரெடெரிக் வின்ஸ்லோ டெயிலர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். (1867இல் லூல்கந்துரவிலே தேயிலை நாட்டிய ஜேம்ஸ் டெயிலருக்கும் இவருக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) 1911ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘விஞ்ஞான முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்’ என்ற நூலிலே ஒரு தொழிலாளியின் கதை வருகின்றது. பெதலகெம் உருக்கு ஆலையிலே 92 இறாத்தல் நிறையுள்ள இரும்புப் பாளங்களைத் தூக்கிப் புகைவண்டிப் பெட்டியில் ஏற்றுதல் அவன் தொழில். நாளொன்றுக்கு ஒருவன் ஏற்றியது பன்னிரண்டரைத் தொன். எப்போது தூக்குவது, எப்போது இருப்பது என்று மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லச் சொல்ல, அவன் 47 தொன் ஏற்றினான். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. சுமை மூன்றே முக்கால் மடங்கு. கூலி இரு மடங்கையும் எட்டவில்லை. கணித ஆசிரியரின் உதவி இதற்கு வேண்டா.

அத்தொழிலாளியை டெயிலர் எருதுக்கு ஒப்பிடுகின்றார். இத்தொழிலுக்கு அத்தகைய மந்த அறிவே வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அதே நூலிலே, சில பக்கங்கள் முன்னதாக, அந்த மனிதன் தன் சேமிப்பில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தான் என்றும், காலையில் வேலைக்கு வருமுன்னும் மாலையில் வேலை முடிந்த பின்னும் தன் சிறு வீட்டுக்குத் தானே சுவர் கட்டிக்கொண்டிருந்தான் என்றும் எழுதுகின்றார்! நிலம் வாங்கத் தெரிந்தவன், வீடு கட்டத் தெரிந்தவன். அவன் ஆலை வாயிலுக்குள் நுழைந்ததும் எருதாகிவிட்டானா? இக்கதையின் பல பகுதிகளைப் பிற்கால ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஐயுறட்டும். டெயிலரின் எழுத்திலேயே உள்ள இந்த முரண் போதும்.

தொழிலாளர் எல்லாரும் இதற்கு இசைந்தனரோ எனின், இல்லை. பொஸ்ரன் நகருக்கு அணித்தான வாட்டர்ரவுன் என்னும் இடத்திலே அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதசாலை ஒன்று இருந்தது. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் அங்குள்ள வார்ப்பாலைக்குள் நிறுத்தற் கடிகாரத்துடன் ஓர் அலுவலர் நுழைந்தார். வார்ப்புத் தொழில் கைப்பழக்கத்தாலும் கண் பழக்கத்தாலும் வருவது. மணலின் ஈரத்தை விரலால் அறிவார்கள். உலோகத்தின் பதத்தை நிறத்தால் அறிவார்கள். தமக்குப் பின்னே ஒருவர் நின்று தம் கையசைவைச் செக்கன் செக்கனாகக் குறிப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. ஒருவர் மறுத்தார், விலக்கப்பட்டார், ஏனைய வார்ப்புத் தொழிலாளரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். கூலி போதாது என்பதன்று அவர்கள் வழக்கு. தம்மை இது இழிவுபடுத்துகின்றது என்பதே. வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஒரு வாரமே நீடித்தது. ஆயினும் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. டெயிலரே அதன் முன் சாட்சி கூறினார். 1915ஆம் ஆண்டு காங்கிரஸ், படைக்கல ஆலைகளுக்கு ஒதுக்கும் பணத்தை நிறுத்தற் கடிகாரத்தால் தொழிலாளியை அளப்பதற்குச் செலவிடலாகாது என விதித்தது. அத்தடை 1949 வரை நிலைத்தது. ஒரு நாட்டின் சட்டசபை ஒரு மணிக்கூட்டைத் தடைசெய்த விந்தை இது.

தனியார் ஆலைகளில் அத்தடை செல்லவில்லை. 1913ஆம் ஆண்டு ஹென்றி போர்ட் தம் மோட்டார் ஆலையிலே வண்டியை நகரவிட்டு ஆளை நிற்கவைத்தார். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் சென்றது போய், ஓராண்டுக்குள் 93 நிமிடமே போதுமாயிற்று. ஆட்களோ நில்லாமல் ஓடினர். அவ்வாண்டிலே வேலையாட்களின் மாற்றம் நூற்றுக்கு 370 வீதம். 1914 சனவரியில் நாட்கூலி ஐந்து டொலர் என்று அறிவித்துத்தான் அவர்களை நிறுத்த முடிந்தது. அந்த ஐந்து டொலருக்கு உரியவன்தானா என்று அறியத் தொழிலாளியின் வீட்டுக்கே விசாரணையாளர் சென்றனர்.

நம் மலைநாட்டார் இவற்றைக் கேட்டு வியப்படையார். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, பிரட்டுக்களத்தில் நிரையாக நின்று, மலைக்கு ஏறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அங்கே ஒரு நாள் உழைப்புக்குப் பெயர் ‘பேர்’. விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. தமிழிலே பேர் என்பது ஒருவரின் அடையாளம். புகழுக்கும் அதுவே சொல். தராசின் முள் சற்றே தாழ மறுத்தமையால் ஒரு பெண் அன்றைக்கு அரைப்பேராகிவிடுகிறாள். எந்தப் புலவரும் புனையாத சொல்லாட்சி இது; கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே பிறந்தது.

மணிக்கூட்டைப் பழிப்பது நம் கருத்தன்று. நேரத்தை அளக்கத் தெரிந்தமையாலன்றோ தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்க முடிந்தது? சர்வதேசத் தொழில் அமைப்பு 1919ஆம் ஆண்டு நிறைவேற்றிய முதலாவது உடன்படிக்கையே கைத்தொழிலில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. முதலாளியின் சட்டைப்பையில் இருந்த மணிக்கூடு தொழிலாளியின் கைக்கும் வந்தமையால் கிடைத்த பயன் அது. மேலதிக வேலைக்கு மேலதிகக் கூலி என்பதும் அதன்பாற்பட்டதே.

கருவிகள் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று என்பது வேறொரு கேள்வி. பொருளியலறிஞர் கெயின்ஸ் 1930ஆம் ஆண்டு எழுதும்போது, நூறாண்டு செல்ல மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமே உழைத்தல் அமையும் என்று எதிர்பார்த்தார். 2030 நெருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். துலா மிதிக்க இருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்கு நீர் கட்ட ஒருவர் என்று நால்வர் விடியுமுன் தொடங்கிச் செய்த இறைப்பை, நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் ஒருவரே செய்தார். மற்ற மூவரும் திண்ணையில் இருந்து இளைப்பாறினரா? இல்லை. பாத்திகள் பெருகின, போகங்கள் பெருகின, கிணறுகள் வற்றும்வரை இறைக்கப்பட்டன, சில இடங்களில் உவர் ஏறியது. இயந்திரம் தந்த ஓய்வை நிலத்துக்கும் கொடுக்கவில்லை, நமக்கும் எடுக்கவில்லை.

இனி இக்காலத்துக்கு வருவோம். வாயிலும் மணியும் இன்று பலருக்கு இல்லை. மணிக்கூடு கைத்தொலைபேசிக்குள்ளே சென்று, மனிதரோடு வீட்டுக்கும் வருகின்றது. எமக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றிலே, மறுநாட் காலைக் கூட்டத்துக்கான அறிவித்தல் இரவு பத்து மணிக்கு ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவிலே வரும். 2014ஆம் ஆண்டு முதல் அச்செயலியிலே, செய்தியைப் படித்தவுடன் நீல அடையாளம் விழும் வழக்கம் வந்தது. அடையாளம் விழுந்துவிட்டால் ‘கண்டும் பதிலில்லை’ என்ற பழி. விழாவிட்டால் ‘இன்னும் காணவில்லையா’ என்ற பழி. இளம் ஆசிரியை ஒருவர் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே ஒரு கையால் ‘நன்றி சேர்’ என்று எழுதி அனுப்புவதாகச் சொன்னார். பாடவேளை நாற்பது நிமிடம் என்பது நாம் கற்பிக்கத் தொடங்கிய நாளிலும் இருந்தது. அம்மணியைக் கடிந்துகொள்ளாத தமிழாசிரியர் இல்லை. செய்யுளின் நடுவிலேதான் அது அடிக்கும். ஆனால் அந்த மணிக்கு ஒரு நற்குணம் உண்டு: கடைசி மணி என்று ஒன்று இருந்தது.

பிரான்சு நாட்டார் இதனை உணர்ந்து, 2017 சனவரி முதலாம் திகதி தொடக்கம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றித் தொழிலாளரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்றில் இத்தகைய உரிமை நடைமுறைக்கு வந்தது. கலிபோர்ணியாவிலே பெருங் கிடங்குகளில், மணிக்கு இத்தனை பொதி என்னும் அளவு தொழிலாளிக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும் என்றும், மலகூடத்துக்குச் செல்லும் நேரத்தை அவ்வளவு விழுங்கலாகாது என்றும் 2021இல் சட்டம் இயற்றினர். இப்படியொன்றைச் சட்டத்திலே எழுத வேண்டி வந்ததே!

இச்சட்டங்கள் பெரும்பாலும் முதலாளி என்று ஒருவர் உள்ளவருக்கே காவல். கொழும்பு வீதிகளிலே முதுகில் உணவுப் பெட்டியுடன் மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞர்களை நாளும் காண்கின்றோம். அவர்களிற் சிலர் நம்மிடம் முல்லைப்பாட்டுப் படித்தவர்கள். அவர்களை ஒருவரும் வேலையாள் என்று அழைப்பதில்லை. தாமே தமக்கு எசமானர் என்பது ஏற்பாடு. எந்த வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் என்று கையிலுள்ள பலகணி சொல்கின்றது. பிந்தினால் உண்பவர் இடும் நட்சத்திரம் குறைகின்றது. கங்காணி இல்லை, பிரட்டுக்களம் இல்லை, நிறுத்தற் கடிகாரத்தோடு பின்னே நிற்கும் அலுவலரும் இல்லை. வாட்டர்ரவுனிலே அந்த வார்ப்புத் தொழிலாளி ‘மாட்டேன்’ என்று சொன்னபோது அவர் முன்னே ஓர் ஆள் நின்றார். இந்தப் பையன் அதை யாரிடம் சொல்வான்?