திரையில் ஓடும் சாலை எங்கே இருக்கிறது?

திருப்பதி ரயில் நிலையத்தில் காட்பாடி வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில், கைபேசியில் கார்ப் பந்தயம் ஓட்டும் சிறுவர்களைத் தவறாமல் காணலாம். "இந்த ரோடு நிஜமா எங்கயாவது இருக்குதாப்பா?" என்று பிள்ளை கேட்டால், தகப்பனார் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் கேள்வி நியாயமானதே. திரையில் வரும் பாதைகளில் சில வெறும் கற்பனை, பல உண்மையானவை.

முதல் பாதை

ஜப்பானிய நிறுவனமான நாம்கோ, 1982-ல் 'போல் பொசிஷன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரம் அது. அதில் வந்த பாதை, ப்யூஜி மலையருகே உள்ள ப்யூஜி பந்தயத் திடலைப் பார்த்து வரைந்ததாகும். அன்றைய படம் குழந்தை வரைந்த சித்திரம் போலத்தான் இருந்தது. இன்றோ லேசர் கருவியைக் கொண்டு பாதை முழுவதையும் அளக்கிறார்கள். மேடு, பள்ளம், ஓரக்கல் எதுவும் தப்புவதில்லை. எல்லாம் கணிப்பொறியில் ஏறிவிடுகின்றன.

பந்தயத்துக்கு முன்பே

நம் நாட்டுப் பாதையும் இந்த வரிசையில் உண்டு. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா பந்தயப் பாதைதான் அது. நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கு முதல் பார்முலா ஒன் பந்தயம் 2011 அக்டோபர் 30 அன்று நடந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் அதில் கார் ஓட்டினார். ஆனால் இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் செப்டம்பரிலேயே வெளியிட்ட விளையாட்டில் அந்தப் பாதை இடம்பெற்றுவிட்டது. ஆக, பந்தயம் தொடங்குமுன்பே பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தபடி அதில் காரோட்டிவிட்டார்கள்!

மலைப் பாதையில்

பந்தயத் திடல்கள் மட்டுமல்ல, மலைச் சாலைகளும் விளையாட்டாகியுள்ளன. ஜப்பானின் 'இனிஷியல் டி' என்ற படக்கதையிலும், அதைத் தழுவிய விளையாட்டுகளிலும் வரும் அகினா மலை, உண்மையில் குன்மா மாநிலத்தின் ஹருணா மலையே. அதன் கொண்டைஊசி வளைவுகளைப் பார்த்தால் நம்மவருக்குத் திருமலைப் பாதை நினைவுக்கு வரும்.

இங்குதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-லும், இரண்டாவது 1974-லும் திறக்கப்பட்டன. இப்போது ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. திரையில் வளைவுகளை அடித்துப் பழகிய இளைஞர்கள் இரு சக்கர வண்டியில் அதே வேகத்தை இங்கு காட்ட முற்படுவது ஆபத்து. விளையாட்டில் பிரேக் சூடேறினாலும் உயிருக்குக் கேடில்லை. பாறை சரிந்தாலும் மறுபடி தொடங்கலாம். இங்கு 2021 டிசம்பரில் மழையால் பெரும் பாறைகள் உருண்டு, இரண்டாவது மலைப்பாதை பலத்த சேதமடைந்ததை ஊரார் மறக்கவில்லை.

வேகத்தை அடக்கத் தேவஸ்தானம் ஒரு வழி கண்டது. கீழே ஒரு சாவடி, மேலே ஒரு சாவடி. புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு, குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேரும் வண்டிக்கு அபராதம் விதிக்கும் முறை அது.

எனவே அடுத்த முறை பிள்ளை கேட்டால் தகப்பனார் மழுப்ப வேண்டியதில்லை. "ரோடு நிஜம்தான்டா கண்ணா; ஆனா விளையாட்டில முந்தினா பரிசு, நம்ம மலையில முந்தினா அபராதம்" என்று சொல்லிவிடலாம்.