இட்டேரிக்கு எந்தச் சக்கரம்?

திருப்பூரில் சைக்கிளைத் தார் ரோட்டை விட்டு இறக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு ஊடே ஓடும் இட்டேரிகள், பி.ஏ.பி. வாய்க்கால் கரை, கீழ்பவானிக் கரை, ஊதியூர் மலையடிவாரம் என்று தடங்களுக்குக் குறைவில்லை. அங்கெல்லாம் காலுக்கடியில் கிடப்பது வெங்கச்சாங்கல்லும், டிராக்டர் உழுதுவிட்டுப் போன பள்ளமும், வேலி வெட்டும்போது உதிர்ந்த முள்ளும்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கியர் சைக்கிளோடு கிளம்பும் இளைஞர்களும், ஊரிலிருந்து கம்பெனிக்குக் குறுக்குவழியில் மிதித்து வரும் தொழிலாளர்களும் இந்தத் தடங்களைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். முதலில் கெட்டுப்போவதும் இருவருக்கும் ஒன்றே: பின்சக்கரம். ஆனாலும் சைக்கிள் வாங்கும்போது முன் சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் கியர் எண்ணிக்கையையும் விசாரிக்கிற நாம், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். கரடுமுரடான பாதைக்கு என்று ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு சக்கரத்துக்குப் போக வேண்டும். அதிலும் ரிம்மின் பெயரைவிட ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் அவற்றை இழுத்துக் கட்டுகிற கைக்கும்தான் அதிகம் போக வேண்டும்.

இதற்கான காரணம் சக்கரம் பாரத்தைத் தாங்கும் விதத்தில் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் கீழே இருக்கும் ஆரக்கால் பாரத்தை ஊன்றித் தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், ஊன்றினால் வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இறுக்கி இழுத்து வைக்கிறார்கள். நன்றாகக் கட்டிய பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒவ்வொன்றிலும் சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான இழுவை இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டிய சில கம்பிகளில் மட்டும் அந்த இழுவை கொஞ்சம் குறைகிறது, பாரம் தாங்கப்படுவது அப்படித்தான். கல்லில் மோதும்போது இழுவை முழுவதும் போய்க் கம்பி தொளதொளத்துவிட்டால், அந்த நொடியில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. சக்கரம் அப்பளம்போல் நெளிவது அப்போதுதான். கம்பிகள் அதிகமாகவும் இழுவை போதுமானதாகவும் எல்லாவற்றிலும் ஒரே அளவாகவும் இருந்தால் அந்த நொடி வருவது அரிது. பின்னலாடை ஊரில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. நிட்டிங் மிஷினில் ஒரு ஃபீடரில் மட்டும் நூல் டென்ஷன் மாறினால் துணி முழுக்கக் கோடு விழும். சக்கரத்தில் நான்கு கம்பி தளர்ந்தால் அவற்றின் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமந்து, அவை முதலில் அறுகின்றன.

கம்பி அறுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய அடியால் நேர்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. 26 அங்குலச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 முறை சுற்றும். நாளுக்கு 20 கிலோமீட்டர் போய்வந்தால் 9,600 முறை. இந்தத் தளர்வும் இறுக்கமும் மாறிமாறி உலோகத்தை அசதியடையச் செய்து, ஹப்பின் துளையில் கம்பி வளைந்து நுழையும் முனையில் விரிசல் விடவைக்கின்றன. அதனால் இரு முனையிலும் இரண்டு மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டருமாக இழைத்த கம்பி, முழுக்க ஒரே தடிமனான கம்பியைவிட நாள்பட உழைக்கிறது. மெலிந்த நடுப்பகுதி சற்று நீண்டுகொடுத்து, அதிர்ச்சி வளைவில் போய்த் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. தடிமன்தான் பலம் என்று நம்பிப் பழகிய கண்ணுக்கு இது முரணாகத் தெரியலாம். சோதித்துத் தெளிந்த உண்மை இது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே எழுதிய புத்தகத்தில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். நம் கடைகளில் இந்தக் கம்பி கிடைக்காவிட்டால், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் கம்பியாவது கேட்டு வாங்க வேண்டும்.

பின்சக்கரம் மட்டும் ஏன் அடிக்கடி போகிறது? வலப்பக்கம் ஆறு, ஏழு பல்சக்கரங்களுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து நிற்பதால் அவற்றில் இழுவை குறைவு. ஆக இரு பக்கமும் சமமாக இல்லாத சக்கரம் அது. விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான் வருகிறது. அதில் வலப்பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால், அதற்கு வெளியே ஆதரவின்றி நீளும் பத்து மில்லிமீட்டர் அச்சு பள்ளத்தில் விழுந்து விழுந்து வளைகிறது. கேசட் வகை ஹப்பில் அந்த பால்ரஸ் சைக்கிள் ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். கரட்டுப் பாதையில் ஓட்டுபவர் சேர்த்துச் செலவழிக்க வேண்டிய இன்னோர் இடம் இது. பால் கேனும் துணி மூட்டையும் சுமந்த பழைய ஒற்றைப் பல்சக்கர சைக்கிள்கள் பின்பக்கம் 40 கம்பியோடு ஆண்டுக்கணக்கில் ஓடியதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், அச்சுக்கும் தொங்கல் இல்லை. கியர் தேவைப்படாத சமவெளித் தடத்துக்கு அந்த அமைப்பை இன்றும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அதன் இரும்பு ரிம் மட்டும் வேண்டாம். மழையில் அதில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

ரிம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உள்ளே இரட்டைச் சுவர் உள்ள அலுமினிய ரிம், 36 துளை. டயரைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கல் நேராக ரிம்மைத் தொடாமல் காப்பது டயரில் அடைபட்ட காற்று. 2.1 அங்குல அகலமுள்ள டயரைக் கல்போல் அடைத்தால் ஒவ்வொரு அதிர்ச்சியும் கம்பிக்குப் போகும், மிகக் குறைத்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். நடுத்தர எடையுள்ளவருக்கு 35 முதல் 45 பிஎஸ்ஐ வரை பொருந்தும். இன்னொரு எச்சரிக்கை: 26 அங்குலம் என்று கடையில் சொல்வது ஒரே அளவு கிடையாது. 26 × 1.95 டயர் உட்காரும் ரிம் 559 மில்லிமீட்டர், 26 × 1 3/8 டயருக்குரியது 590. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். 29 அங்குலச் சக்கரம் கற்களை எளிதாகத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அதன் கம்பிகள் நீளம் என்பதால் பக்கவாட்டு உறுதி சற்றுக் குறையும், கிராமத்துக் கடையில் அவசரத்துக்கு டியூப் கிடைப்பதும் கடினம். டியூப் கிழிந்து நிற்கும் இடம் ஊதியூரா திருப்பூரா என்பதைப் பொறுத்து, எங்கும் கிடைக்கிற அளவின் அருமை தெரியும்.

36 கம்பி என்றால் எடை கூடுமே என்பார்கள். 32 கம்பிச் சக்கரத்தைவிட நான்கு கம்பியும் நிப்பிளும்தான் அதிகம், மொத்தம் சுமார் முப்பது கிராம். வழியில் அறுந்த கம்பியோடு தள்ளிக்கொண்டு வருவதற்கு அது ஈடாகாது. டிஸ்க் பிரேக் வந்தபின் சக்கரத்துக்கு வேலை குறைந்துவிட்டது என்றும் ஒரு வாதம் உண்டு. ரிம் தேயாது என்பது சரிதான். கம்பிக்கோ வேலை கூடுகிறது: நிறுத்தும் விசை ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாகவே ரிம்முக்குப் போக வேண்டும். முள்ளுக்கு டியூப் இல்லாத டயர் போதுமே என்பாரும் உண்டு. அதில் ஊற்றும் பசை நீர் சிறு முள்ளைச் சமாளிக்கும். வெள்வேல முள்ளைப் போன்ற நீண்ட முள் பக்கவாட்டில் கிழித்தால் அதற்கும் வழியில்லை. நம் வெயிலில் அந்தப் பசை நீர் சில மாதங்களில் காய்ந்தும் போகும்.

கடைசியில் இருக்கிற ஆட்சேபம் வலுவானது: இவ்வளவும் கேட்டுக் கட்டித்தர மெக்கானிக் எங்கே? திறமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். கோட்டம் எடுக்கும் கூலியாக அவர்களுக்கு நாம் கொடுப்பது அரைமணி நேர வேலைக்குக்கூடக் காணாது, அதனால் அவசரத்தில் ஓர் இடத்தை இழுத்து இன்னோர் இடத்தைத் தளர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பின்சக்கரத்தை முறையாகக் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்துக்குரிய கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிட்டு, வாங்கும்போது கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தின் வலப்பக்கம் முழுக்க ஒரே சுருதி வர வேண்டும், இடப்பக்கம் முழுக்க அதைவிடத் தாழ்ந்த ஒரே சுருதி. ஒன்றிரண்டு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்கேயே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். இட்டேரியில் சில வாரம் ஓட்டியபின் இன்னொரு முறை அதே கடைக்குக் கொண்டுபோய் இறுக்கச் சொல்லுங்கள்.