ஒலிக்கருவித் தேர்வும் பண்பாடும்

வீட்டில் இசை கேட்பதற்கான ஒலிக்கருவித் தொகுதியை இரு முறைகளில் வாங்கலாம். இசைத்தட்டுக் கருவி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் பெறுவது ஒரு முறை. ஒவ்வோர் உறுப்பையும் வெவ்வேறு நிறுவனங்களிடம் தேர்ந்து இணைப்பது மற்றொரு முறை. இது தனிமனித விருப்பமாகத் தோன்றினும், யாரை நம்பிப் பொருள் வாங்குவது என்னும் பண்பாட்டு வினா இதனுள் அடங்கியுள்ளது.

டென்மார்க்கில் 1925இல் தோன்றிய பாங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனம், ஒலிக்கருவியை மேசை நாற்காலிகளோடு இயைந்து நிற்க வேண்டிய வீட்டுப் பொருளாகக் கருதியது. யாக்கோப் யென்சன் வடிவமைத்த அதன் கருவிகளை 1978இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. இத்தகைய தொகுதியில் அயல் கருவி ஒன்றைச் சேர்த்தால் அதன் ஒருமையே குலையும்.

ஜப்பானில் பயனியர், சான்சூயி, டெக்னிக்ஸ் போன்ற பெயர்களில் அனைத்து உறுப்புகளும் ஒருசேர உருவாயின. 1970களில் அவை ஒரே அடுக்குச் சட்டத்தில் அமைந்து வீடுகளுக்குள் புகுந்தன. சிறிய வீடுகளுக்கு அது பொருந்தியது. எனினும், அந்நாட்டு ஜாஸ் காப்பிக்கடைகளில் அமெரிக்க ஒலிபெருக்கிகளைத் தேடிப் பொருத்திய உரிமையாளர்களும் இருந்தனர். ஆதலின் ஒரு நாட்டுக்கு ஒரே இயல்பு எனக் கூறிவிடுதல் இயலாது.

பிரிட்டனிலோ நிறுவனங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு துறையில் தேர்ந்தது. 1961இல் தோன்றிய கே.இ.எஃப். ஒலிபெருக்கிக்கும், லின் இசைத்தட்டுக் கருவிக்கும், நெய்ம் ஆம்ப்ளிஃபயருக்கும் பெயர்பெற்றன. லின் கருவியோடு நெய்ம் ஆம்ப்ளிஃபயரை இணைப்பது அங்குப் புகழ்பெற்ற கூட்டாயிற்று. வாங்குவோர் கடையின் தனியறையில் அமர்ந்து, கேட்டு ஒப்பிட்டுத் தேர்ந்தனர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களில் கொண்டுவந்த சிறு செருகி பின்னர் உலகப் பொதுவானதும் இத்தகைய கலப்புக்குத் துணைசெய்தது.

நம் வீடுகளிலும் இவ்விரு முறைகளையும் கண்டோம். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கொணர்ந்த ஜப்பானிய 'டூ இன் ஒன்' ஒரே நிறுவனத்தின் முழுப்பொருள். நாகூர் இ.எம். ஹனிபாவின் பாடல்கள் எத்தனையோ இல்லங்களில் அதில் ஒலித்தன. மறுபுறம், சென்னை ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி, மெக்கானிக் ஆம்ப்ளிஃபயர் கட்ட, தச்சர் பெட்டி செய்ய உருவான 'செட்'டும் இருந்தது. முன்னதில் உதிரி கிடைக்காத ஓர் உறுப்புப் பழுதானால் முழுக்கருவியும் மூலைக்குச் சென்றது. பின்னதில் அவ்வுறுப்பை மட்டும் மாற்றினால் போதும். முன்னதற்குப் பொருத்தம் பார்க்கும் கவலையில்லை. பின்னதற்கு அறிந்தவர் துணை வேண்டும்.

ஆக, டென்மார்க்கினரும் ஜப்பானியரும் பெரும்பாலும் நிறுவனத்தை நம்பினர். பிரித்தானியர் கடைக்காரரையும் தம் செவியையும் நம்பினர். நாம் பல வேளைகளில் தெருமுனை மெக்கானிக்கை நம்பினோம். எவ்விடத்தும் அது ஓர் அமானிதமே. இன்று அனைத்தும் ஒரே சிறு பெட்டிக்குள் அடங்கிய புளூடூத் ஒலிபெருக்கி பெருகியுள்ளது. மின்கலம் தீர்ந்ததும் பலர் அதை எறிந்துவிடுகின்றனர். பழுதுநீக்கும் கைகளின் அறிவும் அதனோடு மறைந்துவிடலாகாது. வாங்குமுன் விலையையும் பெயரையும் கேட்கும் நாம், 'இதைத் திறந்து சரிசெய்ய இயலுமா?' என்றும் கேட்கப் பழகுதல் நன்று.