மண்சுவருக்கு வேண்டிய பொருட்கள்

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் தேடுவது கூரையை. தறப்பாளோ கிடுகோ எப்படியும் கிடைத்துவிடும், சுவர்தான் பின்தங்கிவிடுகிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் உரப்பையையும் பழஞ்சேலையையும் மறைப்பாகக் கட்டியே மாரியைக் கழித்தனர். வயதுவந்த பெண்பிள்ளை உள்ள வீட்டில் அது எத்தகைய வேதனை என்பதைத் தாய்மார் அறிவர். மேசனும் சீமெந்தும் இன்றிக் குடும்பத்தவரே எழுப்பக்கூடியது வரிச்சுக் கட்டிய மண்சுவர்.

ஆயுதங்கள் அதிகம் வேண்டாம். அலவாங்கு, மண்வெட்டி, கத்தி, இரண்டு கடகம், ஒரு வாளி, நூற்பந்து போதும். தூக்குக்குண்டு கடையில் வாங்க வேண்டியதில்லை. நூலில் கட்டிய கல்லே கப்பு நேராக நிற்கிறதா என்று காட்டிவிடும். மண்வெட்டி எப்படியும் தோட்டத்துக்குத் தேவை. அலவாங்கை நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கலாம். குழி தோண்டும் இரண்டொரு நாளுக்குத்தானே அது வேண்டும்.

கப்புகளுக்கு உறுதியான மரம், வரிச்சுக்கு நேரான தடிகள், கட்டுவதற்குக் கயிறு அல்லது பனைநார். கப்பின் அடியை நெருப்பில் கருக்கி, பழைய என்ஜின் எண்ணெய் பூசி நடுங்கள். கறையான் முற்றாக நின்றுவிடாது, தாமதிக்கும். வரிச்சைக் கப்பின் உள்ளும் புறமும் கட்டினால்தான் இடையில் மண் தங்கும்.

மண்தான் முக்கியம். மேல்மண்ணை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுங்கள். மேல்மண் பயிருக்கு உரியது, சுவருக்கு ஆகாது. இதை விவசாயிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஈரமண்ணை விரல் தடிப்பில் உருட்டிப் பாருங்கள். உடனே உதிர்ந்தால் மணல் கூட. கையில் அப்பிக்கொண்டு ஒடியாமல் நீண்டால் களி கூட; அத்தகைய மண் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். பின்னர் நறுக்கிய வைக்கோலையும் தண்ணீரையும் இட்டு மிதித்து, ஓரிரவு புளிக்க விடுங்கள். மிதிக்கும் வேலையைப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்து முடிப்பர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மீளக்குடியேறிய இடத்தில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத நிலத்தில் மண் வெட்டாதீர்கள். நல்ல களி அங்கேதான் இருக்கிறது என்று அயலவர் சொன்னாலும் போகவேண்டாம்.

கூரை முதலில், சுவர் பிறகு. நான் அறிந்த குடும்பம் ஒன்று ஆவணியில் நாலு சுவரையும் எழுப்பிவிட்டுக் கிடுகுக்குக் காத்திருந்தது. எதிர்பாராத ஒரு மழையில் இரண்டு சுவர் கரைந்து வரிச்சு மட்டுமே மிஞ்சியது. நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திய குந்தும், சுவருக்கு வெளியே இரண்டடி நீளும் தாழ்வாரமும் இருந்தால் சுவரின் காலில் ஈரம் ஏறாது.

முதற்பூச்சு நன்கு காய்ந்து வெடிப்பு விட்ட பின்னரே இரண்டாம் பூச்சு. அழகுக்காகச் சிலர் அதன்மேல் சீமெந்து பூசுவர். பணமும் வீண், பூச்சும் நில்லாது. உள்ளே ஈரம் அடைபட்டு ஏடு ஏடாகக் கழன்று விழும். அரித்த களிமண்ணும் சாணமும் கலந்து மெழுகுவதே மண்சுவருக்குப் பொருந்தும். புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். சாணம் போதாத வீட்டார் மாரிமழை அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை முதலில் மெழுகட்டும்.